குதிரைக் காலடியில் அரைநூல்

தம்பியின் முன்பல்லை உடைத்த அன்று அரைநூலுக்கு வயது நாற்பத்தெட்டு. அந்த வயதில் மற்ற ஆட்கள் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு நிம்மதியாக இருப்பார்கள். இவர் நடுக்கடையில் சட்டைப் பித்தான் தெறிக்க நின்றுகொண்டு, உடைந்த பல் எந்தப் பக்கம் விழுந்தது என்று குனிந்து தேடினார். தன் பக்கம் விழுந்திருந்தால் கூட்டித் தள்ளும் வேலை தன் தலையில் அல்லவா விடியும்.

பக்கம் என்றால் கடையின் பக்கம். அன்றைக்குத்தான் கண்ணாடிக் கடையை அண்ணனும் தம்பியும் பிரித்துக்கொண்டார்கள். அப்பா போய்ச் சரியாக ஒரு வருடம். ஷட்டர் பொது, கூரை பொது, பின்னால் இருந்த கக்கூஸ் பொது. நடுவில் மட்டும் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு, வாசலிலிருந்து பின்சுவர் வரைக்கும். கோட்டைப் போட்டது தம்பி. மண்டியிட்டு அளந்து பார்த்தது அண்ணன். பின்சுவரை நெருங்க நெருங்க, கோடு அண்ணன் பக்கமாக அரைநூல் சாய்ந்திருந்தது.

நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. கண்ணாடி வெட்டுகிறவர்களும் மரம் இழைக்கிறவர்களும் அப்படித்தான் அளவு சொல்வார்கள். அதிலும் பாதி என்றால் ஒரு தீக்குச்சியின் தடிமன்கூடத் தேறாது. ஆனால் அவருக்குத் தெரு வைத்த பேரே அரைநூல். ஜன்னலுக்குக் கண்ணாடி கேட்டு வந்த ஒருவரை, அளவு அரைநூல் தப்பு என்று வீட்டுக்குத் திருப்பி அனுப்பியவர் அவர். அந்த மனிதர் மறுபடி அளந்து அதே அளவைச் சொன்னதும், தானே கூடப் போய் ஜன்னலை அளந்து, அரைநூல் தப்புதான் என்று அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு முன்னால் நிரூபித்துவிட்டு, இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

"கோடு கோணலா இருக்கு."

தம்பி திரும்பவில்லை. பெயிண்ட் டப்பாவை மூடிக்கொண்டிருந்தான்.

"டேய், உன்னத்தான். கோடு கோணல்."

ம்ஹூம்.

"தொரைக்குக் காது கேக்காதோ?"

இந்தக் கேள்வியை அவர் முப்பது வருடமாகக் கேட்டுவந்தார். கேட்டுக் கேட்டே தம்பிக்குத் துரை என்று பேர் நிலைத்துவிட்டது. முதல் தடவை கூப்பிட்டால் திரும்ப மாட்டான். இரண்டாவது தடவைக்கும் மாட்டான். பெரிய ஆபீசர்கள்கூட மூன்றாவது தடவைக்குத் தலையைத் தூக்கி விடுவார்கள். இவனுக்கு ஆபீசும் கிடையாது, நாற்காலியும் கிடையாது, மிதப்பு மட்டும் மலையளவு. அரைநூல் அப்படித்தான் நினைத்தார்.

தோளைப் பிடித்துத் திருப்பினார். துரை திடுக்கிட்டுக் கையை உதறினான். உதறிய கை அண்ணன் மூக்கில் பட்டது. மூக்குக்குப் பதிலாகப் பல் போனது. பிறகு இரண்டு பேரும் புதுக் கோட்டின் மேலேயே கட்டிப் புரண்டதில், காயாத பெயிண்ட் இருவர் முதுகிலும் ஒட்டிக்கொண்டது. எதிர்ச்சாரி டீக்கடைக்காரர் பாத்திரம் கழுவும் வாளியோடு ஓடி வந்து இருவர் தலையிலும் ஊற்றினார்.

"நாய்ச்சண்டைக்கு இதாங்க வைத்தியம்," என்றார் கூடி நின்றவர்களிடம். "மனுசனுக்கும் கேக்குது பாருங்க."

அந்த வாளிக்கு அதற்குப் பிறகு ஓய்வே இல்லை.

*

இந்தப் பகை கோட்டில் ஆரம்பித்தது அல்ல. அரைநூலின் இடது கையில் ஆரம்பித்தது. அந்தக் கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் கிடையாது.

அவருக்குப் பதினேழு வயது, தம்பிக்குப் பதின்மூன்று. இருவரும் ஆறுக்கு நாலடிக் கண்ணாடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அண்ணன் முன்னால், தம்பி பின்னால். பாதிக் கடை தாண்டியதும் பின்பக்கம் சட்டென்று இறங்கியது. கண்ணாடி அவர் கையில் சறுக்கிக்கொண்டு போனது. வலியே இல்லை, சில்லென்று மட்டும் இருந்தது. கீழே பார்த்தால் தரையில் இரண்டு விரல், அப்போதுதான் கழற்றி வைத்த மாதிரி.

"சின்னவன் கைய விட்டுட்டான்," என்றார் அப்பா. ஆஸ்பத்திரியிலும் சொன்னார், தெருவிலும் சொன்னார், சாகிற வரைக்கும் சொன்னார். அந்தக் கையைப் பார்த்துவிட்டு மூன்று வீட்டில் பெண் இல்லை என்றார்கள். நாலாவது வீட்டுக்கு இவரே போகவில்லை. தம்பி கல்யாணத்துக்குப் போகாமல் பரிசாக ஒரு நிலைக்கண்ணாடி மட்டும் அனுப்பினார். சட்டத்தைவிட அரைநூல் பெரிதாக வெட்டிய கண்ணாடி. எந்த ஆசாரி வந்தாலும் சட்டத்துக்குள் உட்கார வைக்க முடியவில்லை. அது கதவுக்குப் பின்னால் சாய்ந்து கிடப்பதாகக் கேள்விப்பட்ட நாளில் இவர் ஒரு டீ கூடுதலாகக் குடித்தார்.

அப்பா என்றால் அவருக்கு உயிர். விரல் போன பிறகும் அந்தக் கைக்கு மறுபடி கண்ணாடி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அப்பாதான். அப்பாவின் போட்டோ அவர் பக்கத்துச் சுவரில் இருந்தது. அப்பாவின் மூன்றடி மர ஸ்கேலும் தனக்குத்தான் வரும் என்று நினைத்திருந்தார். பிரிவினையில் துரை வாய் திறந்து கேட்டது அது ஒன்றைத்தான். கேட்டான், வாங்கிக்கொண்டு போய்விட்டான். அதையும் அரைநூல் மனசில் ஓரமாக எழுதி வைத்துக்கொண்டார்.

எல்லாவற்றையும் பிரித்தவர்கள் ஒன்றை மட்டும் பிரிக்க முடியாமல் விட்டார்கள். அதற்குக் கடையில் குதிரை என்று பேர். உண்மையில் அது பெரிய மர ஸ்டாண்டு. கூடாரம் மாதிரி இரண்டு பக்கமும் சரிந்து, ஆள் உயரத்துக்கு, இரண்டு கட்டில் நீளத்துக்கு நடுக்கடையில் நின்றது. இரண்டு பக்கமும் கண்ணாடிகளைச் சாய்த்து அடுக்கலாம். மஞ்சள் கோடு அதன் வயிற்றுக்கு அடியில் புகுந்து போனது. இந்தப் பக்கம் அண்ணன் சரக்கு, அந்தப் பக்கம் தம்பி சரக்கு.

குதிரைக்கு ஒரே ஒரு சட்டம்தான். இந்தப் பக்கம் ஒன்று எடுத்தால் அடுத்தது அந்தப் பக்கம் எடுக்க வேண்டும். ஒரு பக்கம் கனமும் ஒரு பக்கம் காலியுமாக விட்டால், கனத்த பக்கம் அது மல்லாந்துவிடும். கண்ணாடிக் கடையில் தவழ்ந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். இவர்கள் இருவரும் அங்கே தவழ்ந்தவர்கள்.

தெரிந்தேதான் பிரித்தார்கள். இன்னொரு குதிரை செய்யலாமே என்றால், "அவன் செஞ்சுக்கட்டும்" என்றார் அண்ணன். "அவரு செஞ்சுக்கட்டும்" என்றான் தம்பி. செய்தாலும் அந்தக் குறுகலான கடையில் நிறுத்த இடம் இல்லை.

*

பிறகு நாலு வருடம் யுத்தம்.

துரை ஒரு முடிவெட்டும் கடைக்காக ஏழடிக் கண்ணாடி தயார் செய்து, ஓரமெல்லாம் பட்டை தீட்டி, தன் சுவரில் சாய்த்து வைத்திருந்தான். அரைநூல் தலையைத் தூக்கிப் பார்த்தபோது அந்தக் கண்ணாடிக்குள் தன் மேஜை, தன் நாற்காலி, தன் அப்பா போட்டோ எல்லாம் தெரிந்தன.

"மாஸ்டர்," என்று கூப்பிட்டார். கட்டிங் மாஸ்டர் காலையில் அண்ணனுக்கும் மத்தியானம் தம்பிக்கும் வேலை செய்கிறவர். கோட்டைத் தாண்டும்போது இரண்டு கையையும் தூக்கிக்கொண்டுதான் தாண்டுவார். "மாஸ்டர், என் கடை அவன் கண்ணாடிக்குள்ள இருக்கு."

"கண்ணாடின்னா அப்படித்தானுங்க இருக்கும்."

"என்னைக் கேக்காம எப்படி வெச்சுக்கலாம்?"

மாஸ்டருக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. யாருக்குமே தெரிந்திருக்காது. அரைநூல் சுத்தியலை எடுத்துக்கொண்டு கோட்டின் மேல் கால் படாமல் நின்று, உடம்பை மட்டும் எட்டி, ஒரே அடி அடித்தார். ஏழடியும் அருவி மாதிரி இறங்கியது. துரை சத்தம் கேட்டு ஓடி வந்து, சுத்தியல் பிடித்த கையைக் கடித்தான். அரைநூல் அவன் தலைமயிரைப் பிடித்து உடைசல் மேலேயே இழுத்தார். அன்றைக்கு இவருக்குப் பதினொரு தையல், அவனுக்கு ஏழு. வாளி இரண்டு முறை வந்தது.

ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துப் படுக்கை. நர்ஸ், "ரெண்டு பேரும் ஆக்சிடென்ட்டா?" என்று கேட்டாள்.

"பொறந்தது ஆக்சிடென்ட்டு," என்றார் அரைநூல்.

தம்பி அடுத்த மாதம் கண்ணாடித் தூளை அண்ணனுடைய வெட்டு மேஜைக் கம்பளத்தில் தூவிவிட்டுப் போனான். வெட்டிய கண்ணாடியெல்லாம் கீறல் விழுந்தது. அண்ணன் பதிலுக்கு அவனைப் பின்னால் பொதுவாக இருந்த தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். மூச்சு முட்டி மேலே வந்த தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனம் இவரை இன்னும் எரித்தது. திட்டினால் திட்டலாம். ஒரு தடவை "அண்ணே" என்று வாயைத் திறந்தால் பாதிக் கோபம் போய்விடும். பிரித்த நாளிலிருந்து அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை.

அடியில் தீராததை வியாபாரத்தில் தீர்க்க நினைத்தார். தம்பி என்ன விலை சொன்னாலும் அதற்குக் கீழே சொன்னார். வாசலில் நின்று வருகிறவர்களைத் தன் பக்கம் இழுத்தார். ஜெயித்தார், அதில் சந்தேகமே இல்லை. இவர் பக்கம் சரக்கு வந்த வேகத்தில் போனது. வாங்கிய விலையைவிடக் குறைத்து விற்றதால் அடுத்த லோடு எடுக்க ஒவ்வொரு தடவையும் நாள் தள்ளிக்கொண்டு போனது, அது வேறு விஷயம். துரையின் பக்கம் சரக்கு அசையாமல் நின்றது. அதோடு விடாமல், ரோஷத்துக்கு ஒரு புது லோடும் இறக்கினான். பழையதும் புதுசுமாக நாற்பது கண்ணாடி. ஒரு டன்னுக்குக் குறையாத கனம்.

அரைநூல் பக்கம் அப்போது ஒன்பது கண்ணாடிதான் இருந்தது.

மாஸ்டர்தான் முதலில் வந்து சொன்னார். "குதிரை சரியில்லைங்க. அவரு பக்கத்துலேர்ந்து ஒரு பதினஞ்சு ஷீட்டை இந்தப் பக்கம் மாத்தினாப் போதும்."

"அவன் கண்ணாடி என் பக்கம் வரக் கூடாது."

"அப்ப ஒரு கொக்கி. உங்க செவுத்துல ஒரு கொக்கி அடிச்சு, குதிரையோட தலையைச் சங்கிலி போட்டு இழுத்துக் கட்டிடலாம். அவரும் சரின்றாரு."

"அவன் பக்கம் முட்டுக் குடுக்கச் சொல்லு."

"முட்டுக் குடுத்தா கண்ணாடியை உருவ முடியாதுங்களே."

"அப்ப அவன் வந்து கேக்கட்டும். வாயத் தொறந்து கேக்கட்டும். அவன் வாயை என்ன வாடகைக்கா விட்டிருக்கான்? என் செவுத்துல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் என்கிட்டதான் கேக்கணும்."

மாஸ்டர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போனார்.

*

கடைக்கு மேல்மாடியில் அக்கா இருந்தாள். இருவருக்கும் மூத்தவள். அண்ணனுக்குப் பன்னிரண்டரைக்கும் தம்பிக்கு ஒன்றரைக்கும் சாப்பாடு போடுவாள். நடுவில் ஒரு மணி நேரம் ஜன்னலைத் திறந்து வைப்பாள், கோபம் வெளியே போக என்பாள்.

அன்றைக்குத் தட்டை வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"ஒரு கொக்கிதானேடா. அடிச்சிட்டுப் போகட்டுமே."

"அவன் கேக்கட்டும்."

"மாஸ்டர் கேட்டாரே."

"மாஸ்டர் என்ன என் தம்பியா? நான் என் பக்கத்துலேர்ந்து எத்தன தடவ கூப்பிட்டிருப்பேன்? ஒரு தடவ திரும்பியிருப்பானா அந்தத் தொர?"

"உன் பக்கத்துலேர்ந்து கூப்பிட்டா அவனுக்கு எப்படிடா கேக்கும்?"

அரைநூல் சோற்றில் வைத்த கையை எடுத்தார்.

"அவனுக்கு இடது காது செவிடு," என்றாள் அக்கா. "நிஜமாவே உனக்குத் தெரியாதா? முப்பத்தஞ்சு வருஷமாவா தெரியாது? நான்கூட நீ தெரிஞ்சேதான் நோகடிக்கிறேன்னு நெனச்சேன்."

"எப்போலேர்ந்து?"

அக்கா ஜன்னலைப் பார்த்தாள். "உன் விரல் போன அன்னிலேர்ந்து."

"அன்னிக்கு என் விரல்தானே போச்சு."

"உனக்கு முன்னாடி அவன் காது போச்சு. நீ முன்னாடி போனே, உனக்குத் தெரியாது. நான் மாடிப்படியில நின்னேன். சின்னவன் ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கிட்டே மெதுவா நடந்தான். அப்பா அந்த ஸ்கேலை வீசினார். காதுலயே பட்டுது. ரத்தம் வந்துது. அப்பவும் கண்ணாடிய விடலடா அவன். ரெண்டு அடி நடந்தான். அப்புறம் மயங்கி உக்காந்தான், அதான் எறங்கிடுச்சு."

அரைநூல் தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்பா அவன் முகத்தப் பிடிச்சு, 'நீதான் கைய விட்டேன்னு சொல்லு'ன்னார். ஆமான்னு தலையாட்டினான். கேட்டுத்தான் ஆட்டினானோ, கேக்காமலேதான் ஆட்டினானோ. அப்பா என்னைப் பாத்தார். நானும் ஆமான்னேன். நீ ஆஸ்பத்திரியில அப்பா அப்பான்னு அனத்திட்டுக் கிடந்தே. உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

"அப்புறம்? முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு நாளும் தோணலியா?"

"தோணுச்சு. நீ அடிச்சிட்டு வருவே. அந்தக் கையைப் பாத்தா பயமா இருக்கும்."

அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கீழே இறங்கினார். அக்கா பொய் சொல்கிறாள் என்று ஒவ்வொரு படியிலும் சொல்லிக்கொண்டே வந்தார். துரை தன் மேஜையில் தெருவைப் பார்த்து நின்று, ஒரு கண்ணாடியில் வைரக் கட்டரால் கோடு இழுத்துக்கொண்டிருந்தான். அப்படி நின்றால் அவனுடைய இடது தோள் எப்போதும் அண்ணன் பக்கம்தான். அரைநூல் கோட்டின் ஓரத்துக்கு வந்தார். சின்ன வயதில் இவர் அவனைத் தவளை என்று கூப்பிடுவார். அந்தப் பேரைக் கேட்டால் கையில் இருப்பதை எறிந்துவிட்டுத் துரத்துவான்.

"தவள," என்றார்.

கட்டர் கிரீச்சென்று நேராகப் போய்க்கொண்டிருந்தது.

"டேய் தவளப்பயலே."

ஒரு இமைகூட அசையவில்லை. கோட்டை முடித்து, கண்ணாடியை மேஜை விளிம்பில் வைத்துத் தட்டி, டக்கென்று இரண்டாக்கினான். வலப்பக்கம் தெருவில் சைக்கிள் மணி ஒன்று மெல்லக் கிணுகிணுத்தது. அதற்கு உடனே திரும்பினான்.

அரைநூல் தன் பக்கம் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து எழுந்து அப்பா போட்டோவைக் கழற்றினார். மற்றவர்களாக இருந்தால் தரையில் போட்டு உடைத்திருப்பார்கள். இவர் கண்ணாடிக்காரர். பின்னால் அடித்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கண்ணாடியை மட்டும் உருவிக் கழிவுப் பெட்டியில் போட்டார். கண்ணாடி இல்லாத போட்டோவைத் திரும்பவும் சுவரில் மாட்டினார். ஈ வந்து உட்காரட்டும்.

*

அன்றைக்கே கொக்கியை அடித்திருக்கலாம். கோட்டைத் தாண்டிப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் என்னவென்று சொல்வது? பல்லை உடைத்து, தொட்டியில் முக்கி, நாலு வருடம் வாசலில் நின்று வாடிக்கையைப் பறித்து, இப்போது திடீரென்று போய்க் கொக்கி அடித்துக்கோ என்றால், அக்கா சொன்னது தெரிந்துவிடும். தெரிந்தால் அவன் ஒரு பார்வை பார்ப்பான். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் அரைநூல் வேறு வழி யோசித்தார். மௌனமாக இருபது ஷீட் ஆர்டர் கொடுத்தார். திங்கள்கிழமை லோடு வந்துவிடும், தன் பக்கம் நிறைந்துவிடும், குதிரை நேராகிவிடும். யாரும் யாரிடமும் தோற்றதாக ஆகாது. அதுவரைக்கும் தன் பக்கத்து ஒன்பது கண்ணாடியையும் தொடக் கூடாது என்று முடிவு செய்தார்.

வெள்ளிக்கிழமை வந்தவர் பழைய வாடிக்கை, தட்ட முடியவில்லை. ஆறு போனது. மூன்று மிச்சம்.

சனிக்கிழமை காலை ஒரு கட்டட மேஸ்திரி வந்தார். "அஞ்சு எம்எம்ல மூணு ஷீட் வேணுங்க."

"திங்கக்கிழம வாங்க."

"அதோ வெச்சிருக்கீங்களே?"

"அது விக்கறதுக்கு இல்ல."

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்தது. "வியாபாரத்த விட்டுட்டீங்களா? சரி, அந்தப் பக்கம் வாங்கிக்கறேன். அவரு உங்களவிடக் கம்மியாத்தான் சொன்னாரு. தெருவுலயே இப்ப அவருதான் கம்மின்னு பேச்சு."

அந்த ஒரு வார்த்தை. அரைநூலின் காது சிவந்தது. அவர் மனசில் ஒரு குரல், விடு, போகட்டும், நாற்பதில் மூன்று குறைந்தால் குதிரைக்கும் நல்லதுதான் என்று சொன்னது. நல்ல குரல், புத்தியுள்ள குரல். நாலு வருடமாக அந்தக் குரலை அவர் பட்டினி போட்டு வைத்திருந்ததால் அதற்குச் சத்தம் போதவில்லை.

"அவன் சொன்னதுக்கு அஞ்சு ரூபா கீழ. எடுங்க."

மாஸ்டர் ஒரு கணம் நின்று அவரைப் பார்த்தார். பிறகு மேஸ்திரியோடு சேர்ந்து முதல் கண்ணாடியைத் தூக்கினார். இரண்டாவது. மூன்றாவதும் வண்டிக்குப் போனது.

குதிரையின் இந்தப் பக்கம் வெறும் மரச் சட்டங்கள். அவற்றின் இடைவெளி வழியாக, நாற்பது கண்ணாடியும் சேர்ந்த கரும்பச்சைக்கு அப்பால், ஒரு நிழல் வந்து நின்றது. துரை. யாரோ கேட்ட ஒரு ஷீட்டை உருவ வந்திருந்தான். தெருவைப் பார்த்து, இடது தோள் குதிரைப் பக்கமாக நின்று, முதல் கண்ணாடியின் மேல் விளிம்பைப் பிடித்துத் தன் பக்கம் சாய்த்தான்.

அரைநூல் தரையைப் பார்த்தார். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு ஜன்னல்காரர்களை அழவைத்தவர், கோட்டுக்காகப் பல்லை உடைத்தவர். தன் பக்கத்துக் குதிரைக் காலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு வெளிச்சம் தெரிந்தது. உலகத்தில் வேறு எவன் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. அரைநூல் இடைவெளி.

"டேய்! நகரு!"

துரை கண்ணாடியைச் சாய்த்துக்கொண்டிருந்தான்.

"தவள! நகருடா!"

ஒரு நூல். இரண்டு நூல். மரம் முனகியது. அவர் கத்திக்கொண்டே குதிரையைச் சுற்றி ஓடினார். நாலு வருடத்தில் முதல் தடவையாக மஞ்சள் கோட்டை முழுக் காலால் மிதித்தார். துரை தலையைத் தூக்கியபோது பார்த்தது, கையை நீட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, தன்னை நோக்கிப் பாய்ந்து வரும் அண்ணனை. அப்படி வந்த அண்ணன் எதற்கு வருவார் என்று அவனுக்கு நாலு வருடப் பழக்கம். கண்ணாடியை விட்டுவிட்டு, வெட்டு மேஜை மேல் கிடந்த அப்பாவின் மூன்றடி ஸ்கேலை எடுத்து, முழுப் பலத்தோடு வீசினான்.

வாயில் பட்டது. ஸ்கேல் இரண்டாக ஒடிந்தது. அரைநூலின் முன்பல் இரண்டு உள்ளே போனது. அவர் நிற்கவில்லை. ரத்தத்தைத் துப்பிக்கொண்டே வந்த வேகத்தில் தலையால் முட்டி, அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு, இருவருமாக வெட்டு மேஜைக்கு அடியில் போய் விழுந்தார்கள். துரை கீழே கிடந்தபடியே அவர் முதுகில் குத்தினான், ஒன்று, இரண்டு, மூன்று.

நாலாவது குத்துக்கு முன்னால் குதிரை மல்லாந்தது.

ஒரு டன் கண்ணாடி விழும் சத்தத்தை யாராலும் சொல்ல முடியாது. எதிர்க்கடையில் டீ கிளாஸ்கள் தாமாக நடுங்கியதாகச் சொன்னார்கள். மேஜை நடுவில் முறிந்து, ஆனாலும் தாங்கியது. மேஜைக்கு வெளியே நீண்டிருந்தது அரைநூலின் வலது கால் மட்டும். கண்ணாடி அதன் குதிகாலுக்கு மேல் இருந்த நரம்பை, நல்ல கட்டர் வைத்து இழுத்த மாதிரி, நேராக வெட்டிவிட்டுப் போனது. இந்தத் தடவையும் வலி இல்லை. சில்லென்றுதான் இருந்தது.

தூசி அடங்கியபோது துரையின் முகம் அவர் முகத்துக்கு நேர் கீழே இருந்தது. அவர் வாயிலிருந்து ரத்தம் அவன் கன்னத்தில் சொட்டியது.

"அடிக்கத்தானே வந்தே?" என்றான் துரை. "அடிக்கத்தானே?"

அரைநூலின் வாயில் பல்லும் ரத்தமும் நிறைந்திருந்தன.

"அண்ணே," என்றான் அவன். "அண்ணே, உன் கால்..."

டீக்கடைக்காரர் வாளியோடு ஓடி வந்து, வாசலில் நின்று, தண்ணீரைத் தெருவில் கொட்டிவிட்டுக் காலி வாளியோடு நின்றார்.

*

திங்கள்கிழமை இருபது ஷீட் லோடு வந்தது. வாங்க ஆள் இல்லாமல் திரும்பிப் போனது. குறைத்து விற்று விற்றே தேய்ந்திருந்த அரைநூலின் கையில் ஆஸ்பத்திரிச் செலவு போக எதுவும் மிஞ்சவில்லை. தம்பியின் சரக்கு தூளாகிவிட்டது. கட்டடத்தை விற்றார்கள். மஞ்சள் கோட்டின் மேல் இப்போது ஒரு மருந்துக் கடைக்காரர் ஓடு பதித்துவிட்டார்.

தெரு முனையில் ஒரு சின்னக் கடை இருக்கிறது. போட்டோக்களுக்கு ஃபிரேம் போடுவார்கள், கைக்கண்ணாடி விற்பார்கள். துரையின் கடை. அதில் ஸ்டூலில் உட்கார்ந்து ஃபிரேமுக்குக் கண்ணாடி வெட்டுகிறவர் அரைநூல். தெருவிலேயே பெரிய கண்ணாடி வியாபாரியாக இருந்தவர் என்று புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாது. எட்டு விரல், ஒன்றரைக் கால், இரண்டு பல் குறைச்சல். தெரிந்தவர்கள் பாவப்பட்டால் கெட்ட வார்த்தை சொல்வார்.

அண்ணனும் தம்பியும் இப்போதும் சண்டை போடுகிறார்கள். அளவுக்கு, டீக்கு, மின்விசிறிக்கு. கை மட்டும் நீளுவதில்லை. அக்கா இருவருக்கும் ஒன்றாகவே சாப்பாடு அனுப்புகிறாள். அவள் மாடியில் சொன்னதைப் பற்றி அரைநூல் தம்பியிடம் இன்றுவரை பேசவில்லை. துரையும் கேட்கவில்லை. ஸ்டூலை மட்டும் எப்போதும் துரையின் வலப்பக்கமாகவே போட்டுக்கொள்கிறார்.

"அந்தப் பக்கம் உக்காரலாம்ல, காத்து வருது," என்றான் துரை ஒரு நாள்.

"இங்கயே நல்லாத்தான் இருக்கு. வேலையப் பாரு."

போன வாரம் ஒரு இளவட்டம் போட்டோவோடு வந்து, துரையின் இடப்பக்கம் நின்று கூப்பிட்டான். துரை ஆணி அடித்துக்கொண்டிருந்தான். இரண்டாவது தடவை கூப்பிட்டான். மூன்றாவது தடவைக்குப் பக்கத்தில் நின்ற கூட்டாளியைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"தொரைக்குக் காது கேக்காதோ?"

அரைநூல் கையில் இருந்த கண்ணாடியைக் கீழே வைத்தார். சுவரைப் பிடித்து, மேஜையைப் பிடித்து, நல்ல காலில் நின்று, சுத்தியலைத் தேடி எடுத்தார். இதெல்லாம் நடந்து முடிய நேரம் ஆனது. அவர் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பையன்கள் போட்டோவை விட்டுவிட்டே ஓடினார்கள். இவர் நொண்டிக்கொண்டே வாசல் வரை துரத்தி, சுத்தியலை அவர்கள் பின்னால் வீசினார். அது எதிர்ச்சாரித் தூணில் பட்டுத் தெறித்தது.

துரை தலையைத் தூக்கினான். "என்னாச்சுண்ணே? யாரு?"

அரைநூல் மூச்சு வாங்கத் திரும்பி வந்து, சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போய், ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஒண்ணுமில்ல," என்றார். "அளவு தப்பாக் கொண்டாந்தானுங்க."